அச்சம் ஈமானின் குறைவன்று

(ஆழிப்பேரலையின் 20 ஆம் ஆண்டு நினைவாக, 27.12.2024 வெள்ளி மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் நமதூர்ப் பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளே, பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து செவிமடுக்கும் தாய்மார்களே!

ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கி நேற்றோடு 20 ஆண்டுகள் நிறைவுற்றன. ஆண்டுதோறும் இந்நாளில் மறைந்தோருக்காக யாஸீன் ஓதி, துஆச் செய்து கலைவது நம் வழக்கம். இவ்வாண்டு அன்று உயிர் பிழைத்த பிள்ளைகளைப் பற்றியும், இன்று நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். அவ்வாறு பணித்ததற்குக் காரணம் உண்டு.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அறிவீர்கள். அதற்கு முந்தைய நாள்களில் நம் பகுதியிலும் மழையும் காற்றும் மிகுந்திருந்தன. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தும் பெண்கள் மத்ரஸாவின் மாலை வகுப்பை நாம் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். அஸருக்குப் பின் தாழ்வாரத்துத் தகரக் கூரை காற்றில் படபடவென அடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை கிதாபை மூடிவிட்டு எழுந்தாள். மூச்சு இரைத்தது. விரல்கள் மடங்கி இறுகின. சாகப் போகிறேன் என்று அலறிக் கீழே சாய்ந்தாள். அதைக் கண்டு அடுத்திருந்தவளும் சாய்ந்தாள். கால் மணி நேரத்திற்குள் ஐந்து பிள்ளைகள்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. ஆள்கள் கூடினர். மத்ரஸாவுக்குப் பின்னாலுள்ள புளிய மரத்தில் ஜின் இருப்பதாக ஒருவர் சொன்னார். இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். அன்றிரவே இரண்டு தகப்பனார்கள் நம் வீட்டுக் கதவைத் தட்டி, ஓதிப் பார்த்துத் தாயத்துக் கட்டித் தருமாறு கேட்டனர். ஓதினோம், மறுக்கவில்லை. ஆனால் ஓதியதோடு அனுப்பிவிடவும் இல்லை. அதற்குக் காரணம் இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த ஒரு பிழை. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம்.

முதலில் அப்பிள்ளைகளுக்கு நேர்ந்தது என்ன? ஆபத்தைக் கண்டதும் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடலை ஆயத்தப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை இறைவன் மனிதனுக்குள் அமைத்திருக்கிறான். மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பு அளவுள்ள ஒரு பகுதி உண்டு. மருத்துவர்கள் அதனை அமிக்டலா என்பர். அது ஆபத்தின் அறிகுறியை உணர்ந்த மாத்திரத்தில், அறிவு யோசித்து முடிக்கும் முன்பே, உடலுக்கு முரசறைகிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு வேகமாய் அடிக்கிறது, மூச்சு விரைகிறது. மூச்சு அளவுக்கு மீறி விரையும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, விரல்கள் மரத்து மடங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. இதைத்தான் நாம் ஜின் பிடித்துக் கையை முறுக்குகிறது என்கிறோம். இந்தப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தானே இறங்கிவிடும். அந்நேரத்தில் அப்பிள்ளைக்கு வேண்டியது கூட்டமன்று. பக்கத்தில் அமைதியாக அமர்ந்து, மூச்சை மெல்ல வெளிவிடச் சொல்லும் ஒருவரே போதும்.

முதலில் சாய்ந்த பிள்ளை 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய இரவில், வீட்டுக் கூரை பறந்துபோகக் கட்டிலுக்கடியில் விடியும் வரை கிடந்தவள். அப்போது வயது ஒன்பது. ஆறு ஆண்டுகள் அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றே வீட்டார் எண்ணினர். தகரத்தின் ஒலி கேட்டதும் அவள் உடல் அந்த இரவுக்கே திரும்பிவிட்டது.

இனி 2004 ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்குள்ள இளைஞர்களுக்கு அது கேள்விச் செய்தி. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29 மணிக்குச் சுமத்திரா தீவின் அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கிற்று. காலை 9 மணியை ஒட்டிக் கடல் நம் ஊர்களுக்குள் வந்தது. 14 நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 உயிர்கள். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் அன்றைய பிரிக்கப்படாத நாகை மாவட்டத்தவர். இலங்கையில் 35,000 பேருக்கு மேல். அங்கே நம் சமுதாயத்தவர் மிகுதியாக வாழும் அம்பாறைக் கரையே மிகப் பெரும் இழப்பைக் கண்டது. விடுமுறை நாளின் காலை என்பதால் பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் இருந்தனர். உயிர் பிழைத்த பிள்ளைகள் உடல்களைக் கண்டனர். பெரிய பையன்கள் உடல்களைத் தூக்கவும் செய்தனர். குளிப்பாட்டவும் கஃபனிடவும் வழியின்றிப் பெருங்குழிகளில் அடக்கம் நடந்தது.

அலை ஒரு நாளோடு ஓய்ந்தது, அச்சம் ஓயவில்லை. டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரக்கூடுமென அரசு எச்சரிக்கை விடுத்தது. அலை வரவில்லை. ஆனால் கரையோரம் முழுவதும் மக்கள் ஓடினர். 2005 மார்ச் 28 இரவில் நியாஸ் தீவருகே நிலம் நடுங்கியபோது மறுபடியும் உறக்கத்திலிருந்து எழுந்து ஓட்டம். ஹைதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 இல்தான் அமைந்தது. அதுவரை வதந்தியே எச்சரிக்கையாக இருந்தது. ஒரு பிள்ளையின் புண் ஆறத் தொடங்கும் போதெல்லாம் யாரோ ஒருவர் ‘கடல் வருது’ என்று கத்தினார்.

அந்த ஆண்டில்தான் நாம் ஓதி முடித்து ஸனது பெற்று, வேறொரு கடலோர ஊரின் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க அமர்ந்திருந்தோம். நமக்கு வயது 23. நம்மிடம் ஓதியவர்களுள் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பேரலை வந்தபோது ஏழு வயதுத் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன். கை நழுவிவிட்டது. தங்கையின் உடல் கிடைக்கவில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. அவன் ஹவ்ளின் பக்கம் வருவதில்லை என்பதைக் கவனித்தோம். மற்றப் பிள்ளைகள் ஒளூச் செய்யும்போது தூணுக்குப் பின்னால் நிற்பான். இகாமத் சொன்னதும் ஸஃப்பில் சேர்ந்துகொள்வான். ஒளூ இல்லாமல் தொழுகிறான் என்று தெரிந்ததும் நமக்குக் கோபம் மூண்டது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவனை எழுப்பி நிறுத்தி, ஈமான் உள்ளவனுக்குத் தண்ணீரைக் கண்டு என்ன பயம் என்று ஏசினோம். அவன் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரவில் அலறத் தொடங்கினான்.

வீட்டார் அவனை நம்மிடமே அழைத்து வந்தனர். நாம் தண்ணீர் ஓதினோம். அந்தத் தண்ணீரையே கையில் அள்ளி அவன் முகத்தில் மூன்று முறை ஓங்கித் தெளித்தோம். தங்கையைத் தண்ணீரில் பறிகொடுத்த பிள்ளையின் முகத்தில்! அவன் நம்மைத் தள்ளிவிட்டு ஓடி, மினாராவின் படிகளில் ஏறி உச்சியில் ஒடுங்கிக்கொண்டான். இஷாவுக்குப் பிறகே இறக்கி வர முடிந்தது. தண்ணீர் பட்டதும் ஓடினான் அல்லவா, அதுவே ஜின்னுக்கு ஆதாரம் என்றனர் ஊரார். நாமும் அதை நம்பினோம். இதை எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்தோம். பேசியதை எழுதாமல் விடுவது நியாயமன்று என்பதால் எழுதுகிறோம்.

அந்நாளில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் பேரலை தாக்கிய ஊர்களில் தொண்டர்களுக்கு உளநலப் பயிற்சி அளித்து வந்தனர். அவ்வாறு பயின்றவர்களுள் மீனவக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர். தாமும் பேரலையில் உறவினரை இழந்தவர். அவர் நம்மைத் ‘தம்பி’ என்றே விளித்தார். “தம்பி, முகத்தில் தண்ணீர் விழும்போது தான் எங்கே இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது என்று கேட்டீர்களா?” என்றார். நாம் கேட்டதில்லை. ஏழாண்டுகள் ஓதிய நமக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அவர் அவனை எதையும் சொல்லுமாறு வற்புறுத்தவில்லை. வாரத்தில் இருமுறை வந்து, அவனோடு வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். நான்காம் வாரத்தில் அவன் தானாகவே, “நான்தான் கையை விட்டேன்” என்றான். அதுவே அவனுக்குள் கிடந்த முள். யார் வந்தாலும் நீ விடவில்லை, கடல்தான் பறித்தது என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அவர் அவ்வாறு சொல்லவில்லை. அலையின் உயரம் எவ்வளவு, உன் எடை எவ்வளவு, அன்று உன் கால் தரையில் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவனே கணக்கிட்டு விடையைக் காணுமாறு செய்தார்.

தண்ணீருக்கும் அவ்வாறே. முதல் வாரம் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துப் பக்கத்தில் உட்காருவது மட்டும். பிறகு விரல் நனைப்பது. பிறகு முழங்கை வரை. முகத்திற்கு ஈரத் துணி. எந்த நாளிலும் அவன் போதும் என்றால் போதும். மருத்துவர்கள் இன்று முறைப்படி செய்யும் சிகிச்சையின் சாரமும் இதுவே. அஞ்சியதை விட்டு ஓட ஓட அச்சம் வளர்கிறது, ஒருவர் துணையிருக்க அளவாக அதை நெருங்க நெருங்கத் தேய்கிறது. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் அவன் செம்புத் தண்ணீரில் ஒளூச் செய்தான். நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. கடலில் காணாமற் போன ஜனாஸாவைக் குறித்து நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. குளிப்பாட்ட இயலாதபோது தொழுகை இல்லை என்போரும் உளர், தொழலாம் என்போரும் உளர். அவ்வூர்ப் பெரிய ஹஜ்ரத் அவர்கள் தொழலாம் என்ற கூற்றை எடுத்து, காணாமற் போன பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நாளில் தொழுகை நடத்தினார்கள். தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் இடையில் அவன் நின்றான். தங்கை எங்கிருந்தேனும் வந்துவிடுவாள் என்று அதுவரை இரவுகளில் வாசலைத் திறந்து வைத்திருந்த பையன் அன்றுதான் வாய்விட்டு அழுதான்.

பெரியோர்களே! நாம் அவனை ஏசியது ஈமானின் பெயரால் அல்லவா? முதல் வஹீ இறங்கிய நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிரா மலையிலிருந்து நடுங்கியவர்களாக இல்லம் திரும்பினார்கள் என்பது நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் வரலாறுதானே? போர்த்தி விடுமாறு கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பின்னரே செய்தியைக் கேட்டார்கள். ஆறுதல் சொன்னார்கள். அதோடும் நில்லாமல், இவ்விஷயத்தில் அறிவுள்ளவரான வரக்காவிடம் அழைத்துச் சென்றார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனின் பிரிவால் அழுது கண்ணொளி இழந்தார்கள். அவர்களுடைய பொறுமை அதனால் குறைந்துவிட்டதென்று எந்த ஆலிமும் சொன்னதில்லை. இவற்றையெல்லாம் மேடையில் பேசுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை நடுங்கினால் மட்டும் கைப்பேசியை எடுக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நோயாகிவிடுவதில்லை. பேரலைக்குப் பின் மூன்று, நான்கு வாரங்களில் இலங்கைக் கரையின் சில ஊர்களில் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், ஊருக்கு ஊர் 14 முதல் 39 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோயின் அடையாளங்கள் காணப்பட்டன. போரின் கொடுமையையும் முன்பே கண்டிருந்தவர்கள், குடும்பத்தில் உயிரிழப்புக் கண்டவர்கள் கூடுதலாகத் துன்புற்றனர். தமிழகக் கரையில் நடத்தி 2007 இல் வெளியான மற்றோர் ஆய்வில் பத்துப் பேரில் ஏழு பேரிடம் அவை தென்பட்டன. கேட்ட காலமும் கேட்ட முறையும் வேறு என்பதால் எண்ணிக்கையும் வேறு. பெரும்பாலோர் உறக்கம், பள்ளிக்கூடம், விளையாட்டு, தொழுகை என்னும் அன்றாட ஒழுங்கு திரும்பியதும் தேறிவிடுகின்றனர். ஒரு மாதம் கடந்தும் தேறாதவர்களையே நாம் தேடிக் கண்டறிய வேண்டும்.

கண்டறிவதில்தான் சிரமம். சிறு குழந்தை அழுது காட்டிவிடும். பெரியவர் சொல்லிவிடுவார். இரண்டுங்கெட்டான் வயதினர் ஒளித்துக்கொள்வர். ஆண்பிள்ளைகளிடம் அது கோபமாக வெளிப்படும். காரணமின்றித் தம்பியை அடிப்பான், இருசக்கர வண்டியை வெறிகொண்டு ஓட்டுவான், புகைப்பான், படிப்பில் பின்தங்குவான். திமிர் பிடித்துவிட்டது என்போம். பெண்பிள்ளைகளிடம் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் மயக்கமாகவும் வரும். பள்ளிக்கூடம் போகாதிருக்க நடிக்கிறாள் என்போம். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, குறிப்பிட்ட தெருவையோ ஒலியையோ தவிர்ப்பது, எதிர்காலமே இல்லை என்பது போலப் பேசுவது ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் அது திமிருமன்று, நடிப்புமன்று.

நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தீங்குகளும் உண்டு. நடந்ததை உடனே ஒன்றுவிடாமல் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு மருத்துவ உலகிலும் ஒரு கருத்து இருந்தது. ஒரே அமர்வில் அவ்வாறு சொல்லவைப்பது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கேடாகவும் முடிந்தது என்று பின்னர் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பேசுமாறு வற்புறுத்தலாகாது என்றே சொல்கிறது. தொலைக்காட்சியில் அதே அலையைத் திரும்பத் திரும்பக் காட்டுவதும், கைப்பேசியில் அக்காட்சிகளைப் பகிர்வதும் பிள்ளையின் புண்ணைக் கீறுவதாகும். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது இன்னொரு தீங்கு. பேரலைக்குப் பின் பொறுப்புத் தீரட்டும் என்று பருவம் வராத வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட பெண்பிள்ளைகளையும் நாம் அறிவோம். அந்த நிக்காஹ்களை நடத்தி வைத்தவர்களும் நம்மைப் போன்றவர்களே.

ஓதிப் பார்ப்பதைக் குறித்துப் பலரும் கேட்கிறீர்கள். ஓதுவது நம்மை விட்டுப் போகாது. பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதும்போது அதன் நெஞ்சு அடங்குவதை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் மருத்துவத்தின் இடத்தில் ஓதலை வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பற்றியபோது, தர்காவில் குணம் நாடி அழைத்து வரப்பட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தார்தாம்.

இப்போது நம் ஐந்து பிள்ளைகளின் செய்தி. யார் எவர் என்று இங்கே ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நால்வர் ஒரு வாரத்தில் தேறி மத்ரஸாவுக்கு வந்துவிட்டனர். ஒரு பிள்ளைக்கு இன்னும் உறக்கமில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம் என்று நம் ஆலிமாவும் நாமும் சொன்னோம். வீட்டார் தயங்குகின்றனர். பிள்ளைக்கு நோய் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. நாளை சம்பந்தம் பேச வருவோர், பைத்தியத்துக்கு மருந்து சாப்பிட்ட பெண் என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் அஞ்சுகின்றனர்.

இந்த அச்சத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிக்க வருவது இமாமிடமும் நாட்டாண்மையிடமும்தான். ஜமாஅத் கடிதத்தில் கையெழுத்திடுவோரும் நாங்களே. ஆகவே நிர்வாகிகளுடன் கலந்து பேசிய பின், அவர்களின் இசைவோடு இந்த மிம்பரின் முன் சொல்கிறோம்: ஒரு பிள்ளை அச்சத்திற்கோ மனத்துயருக்கோ மருத்துவம் பார்த்ததைப் பற்றி யார் விசாரித்தாலும் இப்பள்ளிவாசலிலிருந்து ஒரு சொல்லும் வெளிவராது. டைபாய்டுக்கு மருத்துவம் பார்த்ததை நாம் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை. இதற்கும் அதே முறை. அன்று பிடித்த படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பவர் இன்றிரவே அழித்துவிட வேண்டும். அனுப்பியிருந்தால், அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை என்றதும் ஊசியும் மின்சாரமும் என்று சிலர் எண்ணுகின்றனர். பிள்ளைகளுக்கு முதலில் தரப்படுவது பேச்சுச் சிகிச்சையே. வாரம் ஒரு முறை, சில மாதங்கள். பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்வர். மருத்துவமனைக்குப் போகத் தயங்குவோர் முதற்படியாக 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் பெண்கள் மத்ரஸாவின் வாசலிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். அடுத்த புயல் அறிவிப்பு வரும் நாளில் மத்ரஸாவுக்கு விடுமுறை. தகரக் கூரையை மாற்றும் செலவை நிர்வாகிகள் ஏற்றுக்கொண்டுள்ளனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று தாய்மார்கள் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கி, சென்னையில் கட்டடங்கள் ஆடி, மக்கள் தெருவுக்கு ஓடி வந்தது நினைவிருக்கும். அப்போது அவர் சென்னையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நமக்குப் போன் செய்தார். “ஹஜ்ரத், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை மரத்துப் போகிறது. ஆனால் இது இன்னதென்று எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அதுவரை பேசிக்கொண்டே இருங்கள்” என்றார். பேசிக்கொண்டே இருந்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில் இல்லை.

இன்று அவருக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். ஆண்டுக்கொருமுறை நம்மைக் காண இவ்வூருக்கு வருவார். வந்தால் ஹவ்ளுக்குப் போவதில்லை. குழாயடியில் ஒரு செம்பு வைத்து ஒளூச் செய்வார். அந்தச் செம்பை யாரும் அப்புறப்படுத்த வேண்டாமென்று மோதினாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.